தண்ணி லாரிப் பாட்டும் என் ஆள்காட்டி விரலும்

அன்புச் சம்பந்தி மாரிச்செல்விக்கு,

எஃப் வந்துவிட்டது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடத் தோன்றியது. நீயும் நானும் உங்கள் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் "எஃப் நாசமாப் போக" என்று எழுதி வைத்தோமே, அதே எஃப் கார்டு. கிட்டாரின் ஆறு கம்பியும் ஒலித்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் கரகரத்தது. எழுதியதை உங்கம்மா இன்னும் அழிக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதிச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்று தெரியும். அவர்கள் பக்கம் திரும்பினால் எனக்கு எழுத வராது. அதனால் உன்னைப் பார்த்தே எழுதுகிறேன். நம்மைத் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாம் உறவுக்காரர்கள் இல்லை. கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய்க் கம்பெனியில் எதிரெதிர்ப் பலகையில் நின்றவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு நான் அங்கே வந்த முதல் நாள், வாய் திறக்காமல் நின்ற என்னைப் பார்த்து நீ சொன்னாய்:

"ஏட்டி, உனக்குப் பையன் பொறந்தா எனக்குப் பொண்ணு பொறக்கும். கட்டிக் குடுத்திருவோம். இப்பமே சம்பந்தின்னு கூப்பிட்டுப் பழகு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் நான் முதலில் எழுப்பிய சத்தம் அந்தச் சிரிப்புதான்.

நீ போய் இந்த ஐப்பசியோடு ஒரு வருடம் ஆகிறது. நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எனக்கு எதிர்ப் பலகை காலி. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் ஆயுத பூஜை. நீ கட்டிய தண்ணி லாரிப் பாட்டை அன்று நீ பாட, நான் உன் கிட்டாரை வாசிப்பதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாய். சூடம் காட்டி, பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்ததும் எல்லோரும் நம் பக்கம் திரும்பினார்கள். நான் கிட்டாரை உன் மடியில் வைத்துவிட்டுக் கடலை மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். "அவளுக்கு வயித்து வலி" என்று நீ சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. நீயே வாசித்து நீயே பாடினாய். முடிந்ததும் வந்து கதவைத் தட்டினாய்.

"ஏட்டி சம்பந்தி, வெளிய வா. மூட்டையவா கட்டிக்கிடப் போற? அடுத்த தடவ நீதான் வாசிக்கணும். சத்தியம் பண்ணு."

கடலை மூட்டைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். மூட்டைமேல் செய்தாலும் சத்தியம் சத்தியம்தானே?

இந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பாட்டே வைக்கவில்லை. உன்னை நினைத்து எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதை நினைத்துப் பிறகு வெட்கமாகவும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பசுவந்தனையிலிருந்து உன் மாமா வந்தார். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவதும், வருடம் திரும்பும்போது புதுத்துணி, வளையல், பூ, பிடித்த பண்டம் எல்லாம் வைத்துப் படைப்பதும் நம் பக்கத்து வழக்கம். படைத்த துணியை ஓலைப்பெட்டியில் போட்டு மேலே கட்டிவிடுவார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தார். நான் உங்கள் வீட்டு வாசலுக்கு உள்ளே தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன்.

"துணியோட அந்தக் கிட்டாரையும் சாக்குல சுத்திப் பரண்ல ஏத்திருவோம். கன்னி புழங்குன பொருளு. கண்டவுக கை படக் கூடாது" என்றார்.

உங்கம்மா, "ஏத்துறதுக்கு முந்தி அவ பாட்ட அதுல ஒரு தடவ கேக்கணும்ணே. படையல் அன்னைக்கு. நான் பாடுதேன்" என்றார்.

"வாசிக்கது யாரு?"

உங்கம்மா என்னைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளையா? இது வாயத் தொறந்து நான் பாத்ததே இல்லையே!"

"வாயாலயா வாசிக்கச் சொல்லுதேன்?"

மாமா செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "சரி. நல்லா வந்துச்சுன்னா அப்புறம் பாப்போம். தடுமாறிச்சுன்னா அன்னைக்கே சாக்குக் கட்டிருவேன். சாமி காரியத்துல நாலு பேரு சிரிக்கப்படாது" என்றார்.

எனக்கு ஒரு மாதம் இருந்தது.

ஏ, டி, ஈ என்ற மூன்று கார்டும், அதாவது விரல்பிடியும், எனக்குத் தெரியும். உன் பாட்டுக்கு நீ பிடித்தது அந்த மூன்றுதானே. அது போதும் என்றுதான் முதல் நாள் உட்கார்ந்தேன். வேலை முடிந்து நேராக உங்கள் வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். உங்கம்மா பாடினார். பாட்டு ஒரு பக்கம் போனது, கிட்டார் ஒரு பக்கம் போனது. அவர் குரல் உன் குரலைவிடக் கீழே இருந்தது. அவருக்காக நான் ஜி, சி, டி என்று மாற்றிப் பிடித்து அங்கேயே பழகிவிட்டு மறுநாள் போனேன். மறுநாள் அவர் அந்த இடத்திலும் இல்லை. சம்பந்தி, உன் அம்மாவின் சுருதி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடம். தூங்கி எழுந்த நாளில் ஒன்று, அழுதுவிட்டு உட்கார்ந்த நாளில் ஒன்று.

"நான் என்ன பாட்டுக்காரியாட்டி? வாரது வருது" என்றார். "நீதான் என் கூட வரணும்."

எப்படிப் போவது? நாம் கற்ற கார்டுகள் எல்லாம் கிட்டாரின் தலைப்பக்கம் கட்டிப்போட்ட ஆடு மாதிரி. நகராது.

அப்போதுதான் செல்போன் வீடியோவில் பாடம் நடத்தும் அந்த அண்ணனிடம் திரும்பப் போனேன். நாம் பாதியில் நிறுத்திய பாடம். பார் கார்டு. இரண்டு பேரும் எஃப்பைத் தனியாக ஒரு பூதம் என்று நினைத்துப் பயந்தோம். அது நமக்குத் தெரிந்த ஈ கார்டுதான், சம்பந்தி. கிட்டார்க் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் ஏறிப் போகும் வெள்ளைத் துண்டு ஒன்று உண்டே, ஈ பிடிக்கும்போது மீதிக் கம்பிகளை அது தாங்கிக்கொள்கிறது. நாம் நகர்ந்தால் அது கூட வராது. அதன் வேலையை ஆள்காட்டி விரல் செய்ய வேண்டும். ஆறு கம்பியையும் குறுக்கே ஒரே விரலால் அமுக்கி, மற்ற மூன்று விரலால் ஈ வடிவத்தை வைக்க வேண்டும். முதல் கட்டத்தில் வைத்தால் எஃப். மூன்றாவதில் ஜி. ஐந்தாவதில் ஏ. ஒரே கை. அதைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

புரிந்தது. விரலுக்குப் புரியவில்லை. ஆறு கம்பியில் நாலு செத்துப்போய் டக் டக் என்றன. விரல் மடிப்புக்குள் கம்பி ஒளிந்துகொண்டது. கட்டைவிரலைப் பின்னாலிருந்து கிடுக்கி மாதிரி நெரித்தேன், மணிக்கட்டு வீங்கியது. கை வழுக்கி வழுக்கி ஓடத் தோதாக இருக்கட்டும் என்று, பாகு ஒட்டாமல் இருக்கப் பலகையில் தூவுவோமே, அதேபோல விரலில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். வியர்வையில் மாவு குழைந்து கம்பியெல்லாம் அப்பிக்கொண்டது.

உங்கம்மா எட்டிப் பார்த்தார். "ஏட்டி ராமு, கிட்டாருக்குக் கோலமா போடுத? இல்ல இட்லி அவிக்கப் போறியா?"

நீ போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பழந்துணியை எடுத்து வந்து ஒவ்வொரு கம்பியாக அவரே துடைத்தார். துடைக்கும்போது ஒவ்வொன்றும் சின்னதாக ஒலித்தது. அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

விரலுக்குப் புரிந்தது கம்பெனியில். பலகையில் சூடாகக் கொட்டிய பாகையும் கடலையையும் கட்டையால் உருட்டிப் பரத்திக்கொண்டிருந்தேன். இறுகுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஒரு நாளைக்கு எத்தனை பலகை பரத்துகிறோம்! மணிக்கட்டு வலித்ததுண்டா? கட்டையை நாம் நெரிப்பதில்லை. தோளின் பாரத்தை அதன்மேல் விடுகிறோம். அது தானாக அமுங்குகிறது. சாயங்காலம் கிட்டாரிலும் அப்படியே செய்தேன். கட்டைவிரலைச் சும்மா ஒட்டி வைத்துக்கொண்டு, முழங்கையைப் பின்னால் தொங்கவிட்டு, கையின் பாரத்தால் விரலை உள்ளே இழுத்தேன். விரலைக் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்து, சதை இல்லாத எலும்புப் பக்கத்தை வைத்தேன். ஐந்து கம்பி பேசின.

ஆனால் கை ஒரே இடத்தில் நின்றால்தான் பேசின. பாட்டு ஓடும்போது பேசவில்லை. படையலுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அந்த அண்ணனின் அடுத்த பாடம் பவர் கார்டு. தடித்த கம்பிகள் இரண்டு மூன்றை மட்டும் பிடிக்க வேண்டும், மெல்லிய கம்பிகளை விட்டுவிட வேண்டும். பார் கார்டிலிருந்து நடுவிரலை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலையும் முழுக்கப் படுக்க வைக்காமல் முனையால் அமுக்கினால் போதும். இவ்வளவு சுலபமா என்று எனக்குச் சந்தேகம். இது ஏமாற்று வேலை, பாதிப் பலகையை வெட்டிவிட்டு முழுப் பலகை என்று சொல்கிற மாதிரி என்று இரண்டு நாள் தொடாமல் இருந்தேன்.

பிறகு ஒவ்வொரு விரலாக வைத்தும் எடுத்தும் கேட்டுப் பார்த்தேன். நடுவிரல் இருந்தால் மேஜர், சிரித்த முகம். ஆறு கம்பியையும் அமுக்கியபடி நடுவிரலை மட்டும் எடுத்தால் மைனர், முகம் வாடிவிடும். பவர் கார்டில் அந்த நடுவிரல் தொடும் ஸ்வரமே இல்லை. அதனால் அது சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. உன் காரியத்துக்கு வந்து ஒன்றும் சொல்லத் தெரியாமல் நான் உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, அப்படி.

மூன்று இடம்தான் தெரிய வேண்டும். தடித்த கம்பியில் ஒரு கட்டம். அதே கட்டத்தில் அடுத்த கம்பி. அங்கிருந்து இரண்டு கட்டம் தள்ளி இன்னொன்று. உன் பாட்டு முழுவதும் அந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது. உங்கம்மா எந்த இடத்தில் தொடங்கினாலும் மூன்றையும் சேர்த்து நகர்த்திவிடலாம். நாலு நாளில் அவர் பின்னால் ஓடப் பழகிவிட்டேன். ஒரு நாள் அவர் ரொம்பக் கீழே, முதல் கட்டத்தில் தொடங்கினார். கடைசி அடிக்குப் பவர் கார்டை விட்டுவிட்டு முழு விரலையும் படுக்கப் போட்டேன். அதுதான் எஃப் வந்த நாள்.

படையல் அன்று காலையிலிருந்து மழை. மாமா கடம்பூரில் இறங்கி உனக்குப் போளி வாங்கிக்கொண்டு வந்தார். செருப்பில் ஒரு செருப்பளவு கரிசல் அப்பியிருந்தது. உளுந்து முளைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார், சொல்லிவிட்டு உன் படத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கக்கத்தில் சாக்கும் சணலும் இருந்தன.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். உனக்குச் சிற்றாடை வைக்கச் சொன்னார் மாமா. "அவ என்னைக்குச் சிற்றாடை உடுத்தினா?" என்று உங்கம்மா நீலச் சுடிதார் எடுத்து வைத்திருந்தார். சூடம் அணைந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

மூட்டை அறை எங்கே என்று என் கண் தேடியது. உங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை.

உங்கம்மா தொடங்கினார்.

"தண்ணி லாரி வருதுடி வருதுடி
தவலக் கொடம் எங்கடி..."

தடித்த கம்பியில் தடவித் தேடினேன். நான்காம் கட்டம். முதல் அடி தப்பாக விழுந்தது. மாமா தொண்டையைச் செருமினார். இரண்டாம் வரியில் பிடித்துவிட்டேன்.

"நிக்காமத்தான் போவுதடி போவுதடி
எங்கம்மா பின்னால..."

அதோடு குரல் நின்றது. நீ அந்த வரியைப் பாடும்போதெல்லாம் அவரைப் பார்த்துக் கண்ணடிப்பாயே. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார் என்று தோன்றியது. அதே கட்டத்தில், அதே இரண்டு மூன்று கம்பியை மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை என்று தெரியாது.

அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். குரல் இறங்கிவிட்டது. ஏ, டி, ஈ மட்டும் தெரிந்த பழைய ராமலட்சுமியாக இருந்தால் அந்த இடத்தில் அவரைத் தனியாக விட்டிருப்பேன். தேடிக்கொண்டே இறங்கினேன். இரண்டாம் கட்டத்தில் அவர் இருந்தார். தலைப்பக்கம் போகப் போகக் கம்பி விறைப்பு, கட்டமும் அகலம். பரவாயில்லை என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

இந்த முறை கடைசி வரியை அவர் மாற்றிவிட்டார்.

"நிக்காமத்தான் போவுதடி போவுதடி
நாந்தானே பின்னால ஓடுதேனே."

கடைசி அடி என் கையில் இருந்தது. முழு விரலையும் படுக்க வைத்தேன். நடுவிரலைத் தூக்கியிருந்தால் அது அழுதிருக்கும், அழுதிருந்தால் எல்லோரும் அழுதிருப்பார்கள். ஆனால் உன் பாட்டு கேலிப் பாட்டு. அதை ஒப்பாரியாக மாற்ற எனக்கு உரிமை உண்டா, நீயே சொல். நடுவிரலை வைத்தேன். தோளின் பாரத்தை விட்டேன். ஒரு கம்பி கரகரத்தது. மீதி ஐந்தும் சிரித்தன.

மாமாதான் முதலில் பேசினார்.

"லாரி பின்னால ஓடி விழுந்தாள்லா இவ. முட்டி பேந்து போச்சு" என்றார் உங்கம்மாவைக் காட்டி.

"நீங்க பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்லா? அங்கனதான நின்னீக?" என்றார் உங்கம்மா.

"எனக்குச் சிரிப்பு அடங்கல, என்ன செய்ய?"

கம்பெனிப் பெண்கள் சிரித்தார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து சாக்கை எடுத்தார். என் கை கிட்டாரை இறுக்கிப் பிடித்தது. அவர் சாக்கை நாலாக மடித்து வாசல்படியில் போட்டார்.

"கரிசல் அப்புது. கால் துடைக்க ஆகும்" என்றார்.

போளியில் பாதியை எனக்குப் பிட்டுக் கொடுத்தபோது உங்கம்மா சொன்னார்: "கிட்டாரு இங்கனயே இருக்கட்டும். உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிராத. நீ தெனமும் வா."

"வாரேன் அத்தை" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

போய்க்கொண்டிருக்கிறேன். நேற்று அவர் தன் ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே வைத்துப் பார்த்தார். "இதயா ஒரு மாசமா அமுக்குன? பாவம்ட்டி நீ" என்றார். உன் நீலச் சுடிதார் ஓலைப்பெட்டியில் இருக்கிறது. அடுத்த வருடம் அதை எடுத்து ஒரு கன்னிப் பெண்ணுக்கு உடுத்தக் கொடுக்க வேண்டுமாம். என் அளவைக் கேட்டார். நீ என்னைவிட ஒல்லி, தெரியும்தானே? பிரித்துத் தைக்க உள்மடிப்பில் துணி விட்டிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

தடித்த கம்பிக்கு அடுத்த, ஐந்தாம் கம்பியில் தொடங்கும் முழு மேஜர் எனக்கு இன்னும் வரவில்லை. மோதிரவிரல் மடங்க மாட்டேன் என்கிறது. அதையும் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன், உன் எழுத்துக்குக் கீழே. வரும் ஆயுத பூஜைக்குள் அதை வரவழைத்துவிடுவேன். அன்று கம்பெனியில், சூடம் காட்டி முடித்ததும் எல்லோரும் திரும்பும்போது நான் என் பலகைக்குப் பக்கத்திலேயே இருப்பேன். உங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர் எந்தக் கட்டத்தில் தொடங்கினாலும் அங்கே இருப்பேன். இந்த முறை மூட்டைமேல் இல்லை, கம்பிமேல் கை வைத்துச் சொல்கிறேன்.

கல்யாணச் சாப்பாடு போடாமல் ஏமாற்றிவிட்டுப் போனவளுக்கு,
என்றைக்கும் சம்பந்தியான
ராமலட்சுமி